பொறுத்தலும் ஒறுத்தலும்: இடுக்கி எல்லைப்புறக் கிறித்தவ வரலாற்றில் இரு நிகழ்வுகள்

பகைவரைப் பொறுத்தல் கிறித்தவத்தின் தலையாய அறங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. தமக்குத் தீங்கிழைத்தவரை ஒருவர் பொறுப்பதும், தன் உறுப்பினர் ஒருவர் தவறியதாகக் கருதப்படும்போது ஒரு திருச்சபை நிறுவனம் அவரிடத்து நடந்துகொள்வதும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றனவா என்பது வரலாற்றில் பலமுறை எழுந்த வினா. இவ்வினாவுக்கு விடை காண உதவும் இரு நிகழ்வுகள் கேரளத்தின் இடுக்கி மாவட்ட மேற்கெல்லையை ஒட்டிய பகுதியில், ஏறத்தாழ ஒரே காலகட்டத்தில் நிகழ்ந்துள்ளன. ஒன்று, புல்லுவழியைச் சேர்ந்த அருட்சகோதரி ராணி மரியாவைக் கொன்றவரை அவருடைய குடும்பத்தார் ஏற்றுக்கொண்டது. மற்றொன்று, தொடுபுழை நியூமன் கல்லூரி மலையாளப் பேராசிரியர் டி. ஜே. ஜோசப் தம் கையை வெட்டியவர்களைப் பொறுத்ததும், அவரை அவருடைய கல்லூரி பணிநீக்கம் செய்ததும். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் திருச்சபைகளும்

இடுக்கி மாவட்டம் 1972 சனவரி 26 அன்று உருவாக்கப்பட்டது. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்கள் கோட்டயம் மாவட்டத்திலிருந்தும், தொடுபுழை வட்டம் எர்ணாகுளம் மாவட்டத்திலிருந்தும் பிரித்துச் சேர்க்கப்பட்டன. கிழக்கே தேயிலையும் ஏலமும் விளையும் மலைப்பகுதியில் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர் வாழ்கின்றனர். மேற்கே தொடுபுழை, மூவாற்றுப்புழை, கோதமங்கலம் சார்ந்த இடைநிலம் பழைய சிரியன் கிறித்தவக் குடிகளின் வாழிடம். ஆகவே, ஒரே மாவட்டத்தில் கிறித்தவம் இரண்டு மொழிகளில், வேறுவேறு வழிபாட்டு மரபுகளில் பயில்கின்றது. மூணாறு மவுண்ட் கார்மல் ஆலயம் 1898ஆம் ஆண்டளவில் தோன்றி இலத்தீன் மரபைப் பின்பற்றுவது. தொடுபுழைப் பகுதியோ சீரோ மலபார் திருச்சபையின் கோதமங்கலம் மறைமாவட்டத்துக்குரியது. அம்மறைமாவட்டம் 1956இல் நிறுவப்பெற்றது. மலைப்பகுதிக்கென இடுக்கி மறைமாவட்டம் 2003இல் அதிலிருந்து பிரிந்தது.

வடக்கே பாலக்காட்டிலும் இத்தகைய இருமை உண்டு. அங்குச் சீரோ மலபார் மறைமாவட்டம் 1974இல் அமைந்தது. கிழக்குப் பகுதியின் இலத்தீன் மரபுக் கத்தோலிக்கர் நெடுங்காலம் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தின்கீழ் இருந்தனர். அவர்களுக்கெனச் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் 2013 இறுதியில் உருவாக்கப்பட்டது. அரசியல் எல்லை கேரளத்துக்குள் இருப்பினும், இம்மக்களுள் தமிழரின் மன்றாட்டு மொழி தமிழே.

மன்னிப்பைக் குறிக்கும் சொற்கள்

தமிழ் அச்சு வரலாற்றை அறிந்தோர்க்கு ஒரு செய்தி நினைவிருக்கும். தமிழ் எழுத்தில் முதன்முதலாக அச்சேறிய நூல்கள் கேரளக் கடற்கரையில் அச்சிடப்பெற்றன. என்றிக் என்றிக்கசு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்திலும், 'கிரீசித்தியானி வணக்கம்' 1579இல் கொச்சியிலும் வெளிவந்தன. அடுத்து 1580இல் கொச்சியில் அச்சானது 'கொம்பெசியொனாயரு'. இது பாவ அறிக்கை செய்வோர்க்கான கையேடு. அதாவது, தமிழில் அச்சுக்கண்ட முதல் சில நூல்களுள் ஒன்று, பிழை செய்தவன் எங்ஙனம் தன் பிழையை உணர்ந்து, எடுத்துரைத்து, விடுதலை பெறுவது என்பதைப் பற்றியதாகும். இலக்கணமோ காப்பியமோ அச்சேறுவதற்கு நெடுங்காலம் முன்பே இது நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது.

அந்நூலின் பெயரில் உள்ள போர்த்துகீசியச் சொல்லின் உறவுச் சொல்லே மலையாளத்தில் 'கும்பசாரம்' என வழங்குகிறது. தமிழ்க் கத்தோலிக்கர் பின்னாளில் 'பாவசங்கீர்த்தனம்' என்றனர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962-1965) பிந்தைய தமிழ் வழிபாட்டு வழக்கில் 'ஒப்புரவு அருளடையாளம்' என்னும் தொடர் இடம்பெற்றது. ஒப்புரவு என்பது திருக்குறளில் தனி அதிகாரத்தின் பெயர். ஆனால் அங்கு அது உலகநடை அறிந்து பிறர்க்கு உதவுதலைக் குறிக்கும். விவிலியத் தமிழில் அச்சொல் பிணக்கு நீங்கி ஒன்றுபடுதல் என்னும் பொருளைப் பெற்றது. பொருள் மாறினும், தனியொருவரின் மனநிலையைச் சுட்டாது இருவருக்கிடையேயான நடப்பைச் சுட்டும் இயல்பு மாறவில்லை.

தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய மன்றாட்டு மொழியில் பெரிதும் ஆளப்பட்ட வினை 'பொறுத்தல்'. 'மன்னித்தல்' பிற்காலத்தில் மேலோங்கியது. அதனை வேற்றுமொழிச் சொல்லாகக் கருதித் தனித்தமிழ் ஆர்வலர் விலக்குவதுமுண்டு. மலையாளத்தில் 'பொறுக்குக', 'க்ஷமிக்குக' என இரண்டும் உள. பொறுத்தல் என்பது சுமத்தலையும் குறிக்கும் என்பது இங்கு எண்ணத்தக்கது. பிழையைப் பொறுப்பவர் அதன் எடையைத் தாம் ஏற்கிறார் என்னும் கருத்து அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. 'பொறையுடைமை' அதிகாரத்தைப் பயின்றோர்க்கு இது புதிதன்று.

சிரியன் கிறித்தவரிடையே தனிநிலைப் பாவ அறிக்கை நிலைபெற்றதில் 1599 சூனில் நடந்த உதயம்பேரூர்ச் சங்கத்துக்குப் பெரும்பங்குண்டு. கோவாப் பேராயர் மெனசிசு தலைமையில் கூடிய அச்சங்கம் பாவ அறிக்கைக்கெனத் தனி அமர்வு ஒதுக்கி, ஆண்டுக்கொருமுறையேனும் அதனைச் செய்தல் கட்டாயம் என விதித்தது. இது மேலைத் திருச்சபையின் முறை. கீழைச் சிரியன் மரபோ சபையாக நின்று பொறுத்தல் வேண்டும் மரபினையும் போற்றியது. மூவாற்றுப்புழை, கோதமங்கலம் பகுதிகளில் மிகுதியாக வாழும் யாக்கோபாய, ஆர்த்தடாக்சு சபையினர், பெருநோன்பின் முதல் திங்களன்று 'சுப்கோனோ' என்னும் சடங்கினை இன்றும் நடத்துகின்றனர். சிரியாக் மொழியில் இதற்கு மன்னிப்பு என்பது பொருள். இச்சடங்கில் குருவானவரும் மக்களிடம் பொறுத்தல் வேண்டுவார். நோன்பைத் தொடங்குமுன் பெரியவர், சிறியவர் என்னும் வேறுபாடின்றி ஒருவரிடம் ஒருவர் பொறுத்தல் கேட்டாக வேண்டும். குற்றம் கேட்பவரும் குற்றம் கூறுபவருமாகப் பிரித்து நிறுத்தும் பாவ அறிக்கைக்கும், எல்லாரையும் ஒரே தரையில் மண்டியிடச் செய்யும் இச்சடங்கிற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

புல்லுவழி

பெரும்பாவூரிலிருந்து மூவாற்றுப்புழை செல்லும் எம்.சி. சாலையில் உள்ள சிற்றூர் புல்லுவழி. வட்டாலில் என்னும் உழவர் குடும்பத்தில் 1954 சனவரி 29 அன்று பிறந்த மரியம், 1972இல் பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையில் சேர்ந்து ராணி மரியா ஆனார். வட இந்தியாவில் பணிசெய்ய விரும்பிச் சென்ற அவர், 1992 முதல் மத்தியப் பிரதேசத்தின் உதயநகரில் பழங்குடி மக்களிடையே உழைத்தார். வட்டிக்குப் பணம் கொடுத்து நிலத்தையும் உழைப்பையும் கவர்ந்து வந்தவர்களின் பிடியிலிருந்து மக்கள் விடுபடச் சேமிப்புக் குழுக்களை அமைத்தார். அரசுத் திட்டங்களின் பயனை நேரடியாகப் பெறவும் வழிகாட்டினார். இதனால் பகைகொண்டோர் தூண்டுதலில், சமந்தர் சிங் என்னும் இளைஞர் 1995 பிப்ரவரி 25 அன்று இந்தூர் செல்லும் பேருந்தில் பயணிகள் முன்னிலையில் அவரைக் குத்திக் கொன்றார். உடலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள் இருந்தன. கொலையாளிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

ராணி மரியாவின் தங்கை செல்மி பாலும் அதே சபையின் அருட்சகோதரி. சுவாமி சதானந்த் என அறியப்பட்ட சி.எம்.ஐ. சபைக் குருவானவர் சிறையில் சமந்தர் சிங்கைப் பலமுறை சந்தித்து வந்தார். அவர் வழியாக 2002இல் செல்மி பால் இந்தூர்ச் சிறைக்குச் சென்று, தம் தமக்கையைக் கொன்றவரின் கையில் ராக்கி கட்டினார். இந்த அடையாளத்தின் தேர்வு குறிப்பிடத்தக்கது. கிறித்தவச் சடங்கு ஒன்றை அவர் நாடவில்லை. அம்மண்ணில் உடன்பிறப்பு உறவை நிறுவும் நாட்டுவழக்கையே மேற்கொண்டார். தாம் பொறுத்துவிட்டதாகச் சொல்லுவதோடு நிற்காமல், அவருக்கு ஓர் உறவுப்பெயர் தந்தார். கொன்றவன் என்ற பெயர் உடன்பிறந்தவன் என்றாயிற்று.

இது உணர்ச்சி நிகழ்வாக முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்த படி சட்டத்தினுடையது. 1978இல் சேர்க்கப்பட்ட குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433அ பிரிவின்படி, மரண தண்டனைக்குரிய குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர் பதினான்கு ஆண்டுகள் உண்மையாகவே சிறையில் கழித்தாக வேண்டியிருந்தது. ஆயின் அரசமைப்பின் 161ஆம் உறுப்பு ஆளுநருக்கு வழங்கும் பொதுமன்னிப்பு அதிகாரத்தை இப்பிரிவு கட்டுப்படுத்தாது என 1980இல் மாரு ராம் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கொல்லப்பட்டவரின் குடும்பத்தாரும் சபையாரும் விடுதலைக்கு இசைந்து எழுதித் தந்தனர். பதினோராண்டுச் சிறைக்குப் பின் 2006இல் சமந்தர் சிங் விடுதலையானார்.

2007 சனவரியில் அவர் புல்லுவழி வந்தார். ராணி மரியாவின் தாய் ஏலீசுவா அவரை வீட்டுக்குள் ஏற்றார். மகளின் குருதி படிந்த கை என்பதால் அக்கையை அவர் முத்தமிட்டதாகப் பரவலாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. புனிதை மரிய கொரற்றியின் தாய் தம் மகளைக் கொன்றவரைப் பொறுத்த வரலாறு கேரளக் கத்தோலிக்க இல்லங்களில் நன்கறியப்பட்டது. ஒரிசாவில் 1999 சனவரியில் கணவரையும் இரு மைந்தரையும் எரியுண்டு இழந்த கிளாடிசு ஸ்டெயின்சு அம்மையாரின் சொற்களும் அக்காலத்தில் நாடெங்கும் பேசப்பட்டன. அத்தகைய முன்னுதாரணங்கள் இருந்தன என்பதால் புல்லுவழித் தாயின் செயல் எளிதாயிற்று எனக் கொள்ளலாகாது. கேட்டறிந்த கதையை நேரில் வாசலில் வந்து நிற்கும் மனிதனிடம் செயலாக்குதல் வேறு. 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்ட விழாவில் சமந்தர் சிங்கும் கலந்துகொண்டார்.

தொடுபுழை

புல்லுவழியிலிருந்து அதே எம்.சி. சாலையில் தெற்கே 20 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில் மூவாற்றுப்புழை உள்ளது. 2010 சூலை 4, ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி கண்டு தாயுடனும் அருட்சகோதரியான தமக்கையுடனும் காரில் வீடு திரும்பிய பேராசிரியர் ஜோசப்பை ஒரு கூட்டத்தார் வழிமறித்து, அவருடைய வலக்கையை வெட்டி எறிந்தனர்.

காரணம் ஒரு வினாத்தாள். அவ்வாண்டு மார்ச்சில் பி.காம். மாணவர்க்கான கல்லூரித் தேர்வில், நிறுத்தக்குறியிடுதல் பற்றிய வினாவுக்காக ஓர் உரையாடற் பகுதியை அவர் தந்திருந்தார். திரைப்பட இயக்குநர் பி. டி. குஞ்ஞு முகம்மதின் கட்டுரை ஒன்றைத் தழுவிய, மனநலம் பிறழ்ந்த ஒருவன் கடவுளோடு பேசும் பகுதி அது. அவ்வுரையாடலில் பெயரில்லாத அம்மனிதனுக்கு மூல ஆசிரியரின் பெயரை ஒட்டி 'முகம்மது' எனப் பெயரிட்டதாக ஜோசப் விளக்கினார். இசுலாமியர் பலர் அது நபிகளைச் சுட்டுவதாகக் கருதினர். அவர்தம் மனம் புண்பட்டது உண்மை. போராட்டங்கள் எழுந்தன. வழக்குப் பதிவாகி ஜோசப் கைதானார். கல்லூரி அவரைத் தற்காலிகமாக நீக்கியது. மொழியாசிரியர்கள் நாள்தோறும் செய்யும் ஒரு பணி, காற்புள்ளியும் மேற்கோட்குறியும் இடப் பழக்குதல், இத்தகைய முடிவை எட்டியது.

வெட்டுண்ட கை கொச்சி மருத்துவமனையொன்றில் நெடுநேர அறுவையின் பின் மீண்டும் பொருத்தப்பட்டது. பின்னர் அவர் இடக்கையால் எழுதப் பழகினார். தம்மைத் தாக்கியவரிடத்துப் பகையில்லை என்பதை அவர் பலமுறை வெளிப்படையாகக் கூறியுள்ளார். அவர்கள் பிறரால் ஏவப்பட்ட கருவிகள் என்பது அவர் கருத்து.

கோதமங்கலம் மறைமாவட்டத்தின் நிருவாகத்தில் இயங்கும் நியூமன் கல்லூரி, தாக்குதல் நடந்து இரண்டு திங்களுக்குள், 2010 செப்டம்பரில் அவரைப் பணியிலிருந்து நிலையாக நீக்கியது. பிற சமயத்தார் உணர்வைப் புண்படுத்தியமை குற்றமாகக் காட்டப்பட்டது. பணிநீக்கத்தின் நியாயத்தை விளக்கும் சுற்றுமடல் மறைமாவட்ட ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. நிருவாகத்தின் தரப்பையும் நோக்குதல் முறை. பல சமயத்து மாணவர் பயிலும் நிறுவனம் அது. இருசமயத்தாரும் நெருங்கி வாழும் ஊர் அது. ஒருவர் பிழையால் ஊரமைதி குலையலாகாது என்னும் அச்சம் பொய்யன்று. எனினும், கை இழந்து படுக்கையில் கிடந்தவரை ஊதியமும் ஓய்வூதியமும் இழக்கச் செய்வதற்கு அவ்வச்சம் போதிய காரணமாகுமா என்பது ஐயத்துக்குரியது. ஊரமைதிக்கு வேண்டியிருந்தது ஒரு வருத்தவுரை. அதனை அவர் முன்பே தெரிவித்திருந்தார்.

2013 நவம்பரில் தொடுபுழை நீதிமன்றம் சமய நிந்தனைக் குற்றச்சாட்டிலிருந்து ஜோசப்பை விடுவித்தது. நீக்கத்தின் அடிப்படையே அகன்ற பின்னரும் கல்லூரிக் கதவு திறக்கவில்லை. வருவாயின்றி, வழக்குகளோடும் மருத்துவச் செலவோடும் போராடிய குடும்பத்தில், 2014 மார்ச் 19 அன்று அவருடைய மனைவி தற்கொலை செய்துகொண்டார். கேரளமெங்கும் எழுந்த கண்டனத்தின் பின், மனிதநேய அடிப்படை என்று கூறி, மார்ச் 28 அன்று அவர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார். மார்ச் 31 அவர் ஓய்வுபெறும் நாள்.

இரண்டையும் ஒருங்கு நோக்குதல்

கத்தோலிக்கக் கோட்பாட்டில் பாவ மன்னிப்புக்குரிய உறுப்புகள் வரையறுக்கப்பட்டவை. உளவருத்தம், அறிக்கையிடல், ஈடுசெய்தல் ஆகிய மூன்றும் பிழைசெய்தவன் கடமை. திரிதெந்து சங்கம் 1551இல் இதனை உறுதிப்படுத்தியது. இம்மூன்றும் நிறைவுற்றால், குருவானவர் வழங்கும் பாவ விடுதலை அவனைச் சபையின் உறவில் மீண்டும் சேர்க்கும். 1580ஆம் ஆண்டின் தமிழ்க் கையேடு கடற்கரை மக்களுக்குக் கற்பித்த நடைமுறையும் இவ்வழிப்பட்டதே.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், புல்லுவழிக் குடும்பத்தார் கோட்பாடு கேட்டதைவிட மிகுதியாகச் செய்தனர் என்பது புலனாகும். சமந்தர் சிங் உளம் வருந்தி முடிக்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. பொறுத்தல் முன்னே சென்றது, வருத்தம் அதன்பின் முழுமையுற்றது. தொடுபுழையில் வரிசை வேறு. வருத்தம் தெரிவிக்கப்பட்டது. அறிக்கையிடல் பொதுமன்றிலேயே நிகழ்ந்தது. ஈடு என்று சொல்வதானால், வெட்டுண்ட கைக்கு மேல் எவரும் கேட்டிருக்க இயலாது. இவற்றின் பின்னும் சேர்த்துக்கொள்ளுதல் மட்டும் நடைபெறவில்லை.

குடும்பம் பொறுக்கலாம், நிறுவனம் விதிப்படியே நடக்க இயலும் என ஒரு விளக்கம் கூறப்படலாம். அது முழுதும் பொருந்துவதன்று. சமந்தர் சிங்கின் விடுதலைக்கு ராணி மரியாவின் துறவு சபையும் இசைந்தது. சபை என்பதும் நிறுவனமே. ஆளுநர் மாளிகை என்பதும் நிறுவனமே. ஆகவே நிறுவனங்களால் பொறுக்க இயலாது என்பது இல்லை. வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது. தனக்கு வெளியிலிருந்து வந்த பகைவனைப் பொறுக்கையில் சபையின் பெயர் உயர்கிறது. தன்னுள் இருப்பவர் பிழையைப் பொறுக்கையிலோ, அப்பழி தன்மேலும் படியுமோ என்னும் தயக்கம் எழுகிறது. பொறுத்தல் என்பதற்குச் சுமத்தல் எனப் பொருள் இருப்பது இவ்விடத்தில்தான் கடினமாகின்றது. சுப்கோனோச் சடங்கில் மக்கள்முன் மண்டியிடும் குருவானவரின் இடத்தைக் கல்லூரி நிருவாகம் ஏற்றிருக்குமாயின் நிகழ்வுகள் வேறாக அமைந்திருக்கலாம். ஆனால் அச்சடங்கு சபையின் வழிபாட்டு நூலில் இருந்தது, பணிவிதித் தொகுப்பில் இல்லை.

ஜோசப்பின் தன்வரலாறு 'அற்றுபோகாத்த ஓர்மகள்' 2020இல் மலையாளத்தில் வெளிவந்தது. நந்தகுமாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு அடுத்த ஆண்டில் வந்தது. 2021ஆம் ஆண்டுக்கான கேரள சாகித்திய அகாதமியின் தன்வரலாற்று விருது இந்நூலுக்கும் எம். குஞ்ஞாமனின் நூலுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. நகைச்சுவை குன்றாத நடையில் அமைந்த இந்நூலில், வெட்டியவரைப் பற்றிய பகுதிகளைக் காட்டிலும் விலக்கியவரைப் பற்றிய பகுதிகளிலேயே கசப்பு மிகுதி. பகைவர் செயல் எதிர்பாராதது, ஆயினும் விளங்கிக்கொள்ளத்தக்கது. தன்னவர் செயல் விளங்காதது. பொறுத்தற்குரிய எல்லையும் அந்த விளங்காமையிலேயே தென்படுகிறது.

தாக்குதல் வழக்கு தேசியப் புலனாய்வு முகமையின் சிறப்பு நீதிமன்றத்தில் நடந்தது. 2015 ஏப்ரல் 30 அன்று முதற்கட்டத் தீர்ப்பில் 13 பேர் குற்றவாளிகள் எனக் காணப்பட்டு, 18 பேர் விடுவிக்கப்பட்டனர். 2023 சூலையில் வந்த இரண்டாம் கட்டத் தீர்ப்பில் அறுவர் தண்டனை பெற்றனர். அவர்களுள் மூவர்க்கு ஆயுள் தண்டனை. குற்றவாளிகள் தண்டிக்கப்படுவதால் பாதிக்கப்பட்டவர்க்கு நீதி கிடைத்துவிடுவதாகத் தாம் நம்பவில்லை என்று ஜோசப் அப்போது கூறினார். பதின்மூன்றாண்டுகள் தலைமறைவாக இருந்த முதல் எதிரி 2024 சனவரி 10 அன்று கண்ணூர் மாவட்டம் மட்டன்னூரில் கைதானபோதும், பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் தமக்கு அதில் தனி ஆர்வமில்லை என்றும், குடிமகன் என்ற முறையில் சட்டம் தன் கடமையைச் செய்வதை வரவேற்பதாகவும் அவர் தெரிவித்தார்.